போகும்போதும் காலி, வரும்போதும் காலி

“கொடத்தக் கவுத்துக் காட்டும்மா” என்றார் போலீஸ்காரர்.

அம்சவல்லி இடுப்பிலிருந்த பச்சை பிளாஸ்டிக் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. பெங்களூர் ரோட்டோரம் புளியமரத்தடியில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த முதல் ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்த ரோட்டில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் நிறுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பால்காரனின் கேனைத் திறப்பார்கள். சித்தாளின் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள். ஆவணி பிறந்தும் அது ஓயவில்லை, ஊருக்கும் பழகிவிட்டது. அன்றைக்குப் புதிதாக இருந்தது வேறு. தோப்பு பம்பு இருக்கும் திசையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற பொம்பளையின் குடத்தில் தண்ணீர் இல்லை.

“பம்புல தண்ணி வர்லியா?”

“வர்லீங்க.”

“இப்பதான மூஞ்சி கழுவிகினு வந்தேன். நல்லா கொட்டுதே” என்றது மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

போலீஸ்காரருக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. குண்டு இல்லை, அவர் வேலை முடிந்தது. போ என்று கையைக் காட்டினார். அம்சவல்லி குடத்தை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையால் அதன் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடர்ந்து வந்தது.

“போவும்போதும் காலி, வரும்போதும் காலி. இன்னா யாவாரம் இது?”

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவன் காறித் துப்பினான். இன்னொருவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வேர்மேல் உட்கார்ந்தான். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் காலிக் குடம் எதிரே வந்தால், கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தோஷத்தைக் கழித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அம்சவல்லியும் அப்படிச் செய்து வளர்ந்தவள்தான். ஆகவே அந்தத் துப்பல் அவளுக்குக் கோபத்தைத் தரவில்லை. பயத்தைத்தான் தந்தது.

நடப்பது அவளுக்குப் புதிதல்ல. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தாள். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து, வழுக்குகிற வரப்பில் ஓடியவள். கன்னியப்பனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த பிறகும் கழனிக்கும் வீட்டுக்கும் ஒரு நாளில் எத்தனை முறை போய்வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்கு நடை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அது வேலை.

பிறகு கழனி போயிற்று. ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வராமல் போனதும், கன்னியப்பன் நிலத்தை விற்றுவிட்டு ஸ்பிரிங் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். மாடுகளும் போயின. வாசலிலேயே குழாய் வந்தது. அம்சவல்லிக்கு வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணமும் மிஞ்சவில்லை. உட்கார்ந்தாள். உடம்பு ஊதியது. பழைய ரவிக்கைகளின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டாள், பிரிக்க இடமில்லாமல் போனதும் புதிதாகத் தைத்தாள். அப்புறம் தாகம். எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். குதிகாலில் குத்திய ஒரு சின்ன முள், ஆறாத புண்ணாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மகள் சசிரேகாதான் அவளை ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் போய்வந்து விலங்கியலில் பட்டம் வாங்கியவள், அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். அது வருவதற்குள் குன்றத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கூட்டுறவு பாங்கில் வேலை செய்கிற பையன்.

“சக்கரை” என்றார் டாக்டரம்மா. “மாத்திரை பாதிதான் செய்யும். மீதிய நீதான் செய்யணும். தினம் காலையில நட. வேகமா, கை வீசி நட. வெயிட்டு தூக்காத. செருப்பில்லாம கால கீழ வைக்காத.”

“கழனி இல்லீங்களேம்மா. எங்க போறது?”

“எங்கயும் போகாத. சும்மா நட.”

அந்த “சும்மா” அம்சவல்லிக்கு விளங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் கேட்டாள். “சும்மா எப்டிடி நடக்கறது? எங்க போறன்னு கேட்டா இன்னா சொல்றது?”

சசிரேகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு கவலை. சர்க்கரை என்று தெரு அறிந்தால் குன்றத்தூர் அறிய அதிக நேரம் ஆகாது. ஏற்கெனவே ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தது. அம்சவல்லியின் அண்ணன் முனிரத்தினத்துக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் கிடையாது. சர்க்கரைப் புண்ணை அவர் அலட்சியம் செய்து, கடைசியில் எடுக்க வேண்டியதாகிவிட்டது. குன்றத்தூர்க்காரர்களிடம் லாரி ஏறிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள்.

“கொடத்த எடுத்துகினு போம்மா” என்றாள் சசிரேகா. “தோப்பு பம்புத் தண்ணி குடிக்க நல்லா கீதுன்னு சொல்லு. கொடம் கைல இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

படித்தவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. முதல் இரண்டு நாள் பம்பில் தண்ணீர் பிடித்தும் கொண்டுவந்தாள். முட்டி வீங்கியது. வெயிட்டு தூக்காதே என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு குடம் காலியாகவே போய்க் காலியாகவே வந்தது. பஸ் ஆட்கள் சேர்வதற்கு முன்பே ரோட்டைத் தாண்டிவிடுவாள். திரும்பும்போது ஏரிக்கரை மேலேயே வந்துவிடுவாள். கரையில் யார் இருக்கிறார்கள், கொக்கும் நாரையும்தான். ஒரு மாதத்தில் ரவிக்கை தளர்ந்தது. இன்னும் கொஞ்ச நாளில் குதிகால் புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்தது. புதுத்தோலை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். இந்த நடையில் ஏதோ இருக்கிறது என்பதை டாக்டரம்மா சொல்லி அவள் நம்பவில்லை. அந்தத் தோல் சொல்லி நம்பினாள்.

முந்தின நாள் பெய்த மழையில் கரை சேறாகிவிட்டதால்தான் அன்றைக்கு ரோட்டு வழியே திரும்பினாள். போலீஸும் அன்றைக்குத்தான் குடத்தைக் கவிழ்க்கச் சொல்ல வேண்டுமா?

பேச்சு தெருவுக்குள் வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவள் தெருவில் இறங்கினால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஏதோ கழிப்பு கழிக்கிறாள் என்று ஒரு கதை. தோப்பில் யாரையோ பார்க்கப் போகிறாள் என்று இன்னொரு கதை. கன்னியப்பன் காதுக்கும் வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினான்.

“பூ வெக்கிற வரைக்கும் நிறுத்தி வெய்யேன். ஞாயித்திக்கெழம குன்றத்தூர்க்காரங்க வந்து போயிடட்டும்.”

“நிறுத்தினா புண்ணு திரும்ப வாயத் தொறந்துக்கும்.”

“நாலு நாள்ல இன்னா ஆயிடும்?”

“எங்கண்ணனும் அப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு.”

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். பிசைந்த சோறு பாதி அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை அவள் ஒரு கை தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். அப்படிச் செய்தால் காலிக் குடம் ஆகாது என்பது பெண்களின் கணக்கு. ஆனால் திரும்பி வரும்போது தெருமுனையில் அவளுக்கு எதிரே ஓடிவந்தவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் மகன் வசந்தகுமார். கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். முந்தின ஷிப்டும் ஓ.டி. பார்த்துவிட்டு, வீட்டில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு மறுபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான். குடத்தில் மோதாமல் சட்டென்று நின்றான்.

“இன்னா பெரிம்மா, இன்னிக்கும் காலியா?” என்று பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு ஓடினான்.

மத்தியானம் சேதி வந்தது. பிரஸ்ஸில் அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது.

அம்சவல்லி அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். குடம் மூலையில் இருந்தது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு கை தண்ணீர் ஊற்றினேனே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு கை தண்ணீர் போதுமா? யாரைக் கேட்பது? சின்ன வயதில் காலிக் குடத்தைப் பார்த்துவிட்டு எத்தனை முறை பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். இன்றைக்கு அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவளே. எல்லாம் மூடநம்பிக்கை என்று சசிரேகா சொன்னாள். அவள் குரலிலும் பிடிப்பில்லை. அவளும் அன்றைக்கு முழுக்க அந்தக் குடத்தைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாவும் ஒரு சித்தப்பாவும் வந்தார்கள். பூ வைத்துப் பேச்சை உறுதி செய்துகொண்டு போக வந்திருந்தார்கள். தட்டில் சாத்துக்குடி, வாழையிலையில் சுற்றிய மல்லிகை, ஓர் இனிப்புப் பெட்டி. ராஜம்மா கனமான குரலும் கலகலப்பான பேச்சும் உள்ளவள்.

“பொண்ணு எங்க சம்மந்தி? பூ வாடறதுக்குள்ள வெச்சிடலாம். எம்மவன் அங்க வாசலையே பாத்துகினு உக்காந்துகீறான்” என்று சிரித்தாள்.

சசிரேகா வந்து பாயில் உட்கார்ந்தாள். ராஜம்மா பூவைப் பிரித்தாள். அப்போது வாசலில் பாஞ்சாலியின் குரல் கேட்டது.

“ஒறமொற வந்துகீறாங்களா? நல்லதாப் போச்சி. அவுங்களும் கேக்கட்டும்.”

தலைமுடியை அள்ளி முடியாமல், அழுது சிவந்த கண்ணோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவில் நான்கைந்து பேர்.

“எம்புள்ள ரெண்டு வெரல மிசினுக்குக் குடுத்துட்டு வந்து படுத்துகினு கீறான். அவன் எதுருல காலிக் கொடத்தத் தூக்கிகினு வந்தியே அம்சா, எந்த வூடு வெளங்கக் கூடாதுன்னு இந்த நட நடக்கற? பம்புல தண்ணி கீது, கொடத்துல இல்ல. அப்ப எத்தப் புடிக்கப் போற? ஆளப் புடிக்கவா?”

ராஜம்மாவின் கை பூவோடு அந்தரத்தில் நின்றது. “இன்னாதிது?” என்றாள் கன்னியப்பனைப் பார்த்து.

கன்னியப்பன் எழுந்தான். நெற்றியில் வேர்வை.

“வாய அடக்கு பாஞ்சாலி. அவ வேண்டிகினு நடக்கறா. குன்றத்தூர் முருகனுக்கு. பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு காலிக் கொடத்தோட நடக்கறதா வேண்டுதல். அத்தப் போயி வெளிய சொல்லிகினு இருப்பாங்களா?”

பாஞ்சாலி சடக்கென்று நிறுத்தினாள். சாமி காரியம் என்றதும் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராஜம்மாவின் முகம் விளக்கு ஏற்றியது போல ஆயிற்று.

“எங்க ஊரு முருகனுக்கா! பாத்தியா, கூப்புட்டுக் குடுத்துட்டாரு. அப்ப வேண்டுதல் பலிச்சிடுச்சி சம்மந்தி. இன்னியோட நடைய நிறுத்திக்கோ. அந்தக் கொடத்தக் கவுத்து வெச்சிட்டு, மலைக்கி வந்து ஒரு அர்ச்சன பண்ணிடு. முடிஞ்சிச்சி.”

எல்லாரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினால் போதும். பெண்ணுக்குப் பூ வைத்துவிடுவார்கள். பாஞ்சாலி திரும்பிப் போய்விடுவாள். தெருவில் கெட்ட பேர் இருக்காது, பக்தியுள்ளவள் என்ற நல்ல பேர்கூட வரும். கன்னியப்பனின் கண்கள் ஆட்டு, ஆட்டு என்றன. சசிரேகா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை ஆட்டினால் நாளைக்கு எப்படி நடப்பது என்று அம்சவல்லி யோசித்தாள். பலித்துவிட்ட வேண்டுதலுக்கு மறுபடி எப்படி நடப்பாள்? அண்ணன் லுங்கியை முழங்காலுக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அந்த முடிச்சைத்தான் அவள் எப்போது போனாலும் பார்க்காமல் இருக்கப் பார்ப்பாள். தரையில் பட்ட குதிகாலின் புதுத்தோல் கூசியது.

“வேண்டுதல்லாம் இல்லீங்க” என்றாள்.

“அம்சா!” என்றான் கன்னியப்பன்.

“எனுக்குச் சக்கர. எங்கண்ணனுக்கும் சக்கரதான். அவுரு காலு லாரில போவல, இதுலதான் போச்சி. நடக்காட்டி எனுக்கும் போவும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சும்மா நடந்தா யாராச்சும் கேப்பாங்களேன்னு கொடத்த எடுத்தேன்.” பாஞ்சாலியின் பக்கம் திரும்பினாள். “கொடத்த எடுத்தது எந்தப்பு பாஞ்சாலி. உம்புள்ள எதுருல வந்ததும் எந்தப்பு. நானும் அத்தப் பாத்தா வூட்டுக்குத் திரும்பறவதான். நேத்திலேந்து எனுக்கு ஒரு வாய் சோறு எறங்கல. ஆனா நடந்தது தப்பில்ல. இனிமே கொடத்த எடுக்க மாட்டேன். நடப்பேன்.”

“சக்கரக்கி நடக்கறேன்னு மொதல்லியே சொல்லித் தொலைக்கிறதுக்கின்னா?” என்றாள் பாஞ்சாலி. அவளுடைய கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது. ஆனால் அது போகவும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வசந்தகுமார் வந்தான். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்திருந்தான். “வூட்டுக்கு வாம்மா. ரெண்டு ஷிப்டு சேத்து நின்னேன், கண்ணு சொக்கிட்சி. பெரிம்மா இன்னா பண்ணும்?”

“நீ சும்மா கெடடா! மூணு வெரல வெச்சிகினு எவன் வூட்ல பொண்ணு கேட்டுப் போவ?” என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள் பாஞ்சாலி. அழுதபடியே அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

ராஜம்மா சசிரேகாவைப் பார்த்தாள், தலையிலிருந்து கால் வரைக்கும், நிதானமாக.

“இது வம்சத்துல வர்றதா?”

கன்னியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சசிரேகா, தலையை நிமிர்த்தாமலே பேசினாள். “வரலாங்க. வராமயும் போலாம். இப்பவே சொல்ல முடியாது.”

ராஜம்மா பூவை மறுபடி இலையில் சுற்றினாள். சித்தப்பாவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு எழுந்தாள். “யோசிச்சி சொல்லி அனுப்பறோம்.” சாத்துக்குடியைத் தட்டிலேயே விட்டாள். வாசற்படி வரை போனவள் திரும்பி வந்து இனிப்புப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“இது உனுக்கு ஆவாது” என்றாள் அம்சவல்லியிடம்.

அது அக்கறையா, குத்தலா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் சசிரேகா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றாள்.

“அப்பா பொய்யச் சொல்லிட்டாரு. நீ தலய ஆட்டிருந்தா போதும்.”

“ஆட்டிருந்தா நாளைக்கி எப்டிடி நடக்கறது?”

“கொடம் இல்லாம நடந்திருக்கலாமே, மொதல்லேந்தே.”

அம்சவல்லி மகளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. “அத்த நீ அன்னிக்கி பஸ்ல சொல்லிருக்கலாமே கண்ணு.”

சசிரேகா, சர்க்கரை எப்படி வருகிறது, உடம்பில் எங்கே என்ன சுரக்கிறது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள். அந்தப் படிப்பெல்லாம் கையில் இருந்தும் அம்மாவுக்குக் கொடுத்தது ஒரு குடம்தான். யாருக்காகக் கொடுத்தேன்? அம்மாவுக்காகவா, எனக்காகவா? அந்தக் கேள்வியோடு அவள் அடுப்பங்கரைக்குள் போய், மூலையில் கிடந்த குடத்தை எடுத்து, வாசல் குழாயில் விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் அம்சவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். குடம் இல்லாத இடுப்பு என்னவோ போல் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்தாள், விட்டாள். கட்டிக்கொண்டாள், பிரித்தாள். பாஞ்சாலி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் அவள் தாண்டிப் போகும் வரை தண்ணீர் தெளிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஏரிக்கரை காய்ந்திருக்கும். அந்த வழியாகப் போயிருக்கலாம். அவள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். புளியமரத்தடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். வசந்தகுமார் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. போலீஸ்காரர் லத்தியை நீட்டினார்.

“கொடம் எங்கம்மா?”

“வூட்ல.”

“எங்க போற?”

மரத்தடி முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது.

“எங்கயும் போலீங்க. நடக்கறேன்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “கைல இன்னா?”

அம்சவல்லி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. அவர் லத்தியை இறக்கினார்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. துப்பப் போகிறானா, இருமுகிறானா? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரித்த கைகளை மறுபடி மடக்கத் தோன்றாமல் அப்படியே தொங்கவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில் அவை தாமாகவே முன்னும் பின்னும் வீசத் தொடங்கின.